25 எழுத்துகள் தொலைந்த கதை

இதயத்தசைச் செல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்கே வரிவரியாகக் கோடுகள் தெரியும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஏறத்தாழ 2 மைக்ரான் இடைவெளி. சார்கோமியர் எனப்படும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள்தான் துடிப்பே நடக்கிறது. தடித்த இழை மயோசின், மெல்லிய இழை ஆக்டின். செல்லுக்குள் கால்சியம் பெருகியதும் மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும். கால்சியம் வடிந்ததும் விட்டுவிடும். கை கால் தசை களைத்தால் உட்கார்ந்துகொள்ளலாம். இதயத்தசை நாளுக்குச் சுமார் 1 லட்சம் தடவை இழுத்து விட்டாக வேண்டும்.

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்துவிடாமல் மூக்கணாங்கயிறுபோல் பிடித்துவைக்க ஒரு புரதம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் லண்டனில் ஜெரால்ட் ஆஃபரின் குழு, முயல் தசையிலிருந்து பிரித்தெடுத்த மயோசினோடு ஒட்டிக்கொண்டு வந்த கலப்படமாகத்தான் அதை முதலில் பார்த்தது. சோதனைக் கூழில் தெரிந்த பட்டைகளுக்கு எழுத்து வரிசையில் அடையாளம் வைத்தார்கள்; இதற்குக் கிடைத்தது ‘சி’. சி-புரதம் என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

இதயத்தில் இந்தப் புரதத்தை உருவாக்கும் ஜீன் 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் டி.என்.ஏ. வரிசையிலிருந்து 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது 2003இல் இரண்டு இந்தியக் குடும்பங்களில் தெரியவந்தது. விடுபட்டது புரதத்துக்கான நேரடிக் குறிப்பு அல்ல, இடையில் வரும் நிரப்புப் பகுதிதான். ஆனாலும் அந்த இடைவெளியால் செல் அடுத்த துண்டைப் படிக்காமல் தாண்டிவிடுகிறது. புரதத்தின் வால் மாறிப்போகிறது. தடித்த இழையோடு அது பிணைந்திருப்பதே அந்த வால் பக்கத்தில்தான்.

இரண்டு குடும்பங்களோடு முடிந்திருக்க வேண்டிய செய்தி அப்படி முடியவில்லை. அப்போது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் கே. தங்கராஜும், பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து தேடினார்கள். இந்தியாவின் 107 சமூகங்களைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்டோரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தார்கள். 2009இல் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’ இதழில் முடிவு வெளிவந்தது: இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இதே குறை. பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியாவிலும் இருந்தது. உலகின் மற்ற பகுதிகளில் இல்லை. சுற்றியிருக்கும் மரபு அடையாளங்களை வைத்துக் கணக்கிட்டதில், இது பிறந்து சுமார் 33,000 ஆண்டுகள் ஆகின்றன. இன்றைய சாதியும் மொழியும் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் துணைக்கண்டத்தில் யாரோ ஒருவரிடம் நேர்ந்த பிழையைத்தான் இத்தனை கோடிப் பேர் சுமக்கிறார்கள் என்பது என்னை உலுக்குகிறது.

இதய நோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ 7 மடங்காக்கும் பிழை எப்படி இவ்வளவு காலம் தங்கியது? இளமையில் செல்கள் அந்தப் பழுதான புரதத்தைச் சிதைத்து அகற்றிவிடுகின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். வயது ஏற ஏறத் துப்புரவு தளர்கிறது, பழுது தேங்குகிறது. நாற்பதைத் தாண்டி மூச்சு வாங்கத் தொடங்கும்போது பிள்ளைகள் பிறந்து, ஜீனும் கைமாறியிருக்கும்.

நம் வீடுகளில் இதயத்தால் நேரும் எல்லா மரணமும் ‘ஹார்ட் அட்டாக்’தான். அது ரத்தக்குழாய் அடைப்பு. இந்த ஜீன் குறை தருவது தசையே தடித்தோ, தொய்ந்தோ போகும் நோய், கார்டியோமயோபதி. ஒருவருக்கு இது உறுதியானால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் எக்கோ எடுத்துப் பார்ப்பது அவசியம். அத்தை மகள், மாமன் மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இந்தக் குறை தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரு பிள்ளைக்கு வந்துசேரக்கூடும். அப்போது பாதிப்பு முன்கூட்டியே, கடுமையாக வரலாம்.

தண்டபாணி பின்னர் பெங்களூருக்கு வந்து, பெல்லாரி சாலை ஜி.கே.வி.கே. வளாகத்திலுள்ள இன்ஸ்டெம் நிறுவனத்தில் இதயத்தசை நோய்களுக்கென ஆய்வுக்குழு அமைத்தார். குறை இருந்தும் பலர் கடைசிவரை நலமாக இருப்பது ஏன் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஒரு துப்பு 2018இல் சின்சினாட்டியிலிருந்து சக்திவேல் சடையப்பன் குழு வழியாக வந்தது. அமெரிக்கத் தெற்காசியர்களில் இந்தக் குறை உள்ள சிலரிடம் அதே ஜீனில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருந்தது. அவர்களுடைய இதயம்தான் தேவைக்கு மேல் இறுகிச் சுருங்கியது.