மொரிஸ் மைனர் கார்புரேட்டரின் எரிபொருள் கோளாறுகள்

மொரிஸ் மைனர் என்பது அலெக் இசிகோனிசு வடிவமைத்து, 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான சிறிய மகிழுந்து ஆகும். இலங்கையில் இவ்வகை மகிழுந்துகள் பல இன்றும் ஓடுகின்றன. இதன் பொறிக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அளிப்பது எஸ்.யு. கார்புரேட்டர் ஆகும். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கமே எஸ்.யு.

இதில், பொறி காற்றை உறிஞ்சும்போது பிஸ்டன் ஒன்று மேலெழுந்து, தன்னோடு இணைந்த கூம்பு வடிவ ஊசியையும் உயர்த்துகிறது. ஊசி உயர உயர ஜெட்டின் திறப்பு அகன்று கூடுதல் பெட்ரோல் வெளிவரும். பொறி திணறினால் பலர் உடனே ஜெட்டின் அடியிலுள்ள மரையைத் திருகிக் கலவையை மாற்ற முற்படுவர். இது பெரும்பாலும் வீண் வேலை. உண்மைக் குறையையும் மறைத்துவிடும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

பெட்ரோல் வராமை

மைனரில் இருப்பது மின்சாரப் பம்பு. சாவியைத் திருப்பியதும் அது 'டிக் டிக்' என ஒலித்து, மிதவை அறை நிறைந்ததும் ஓய வேண்டும். ஒலியே இல்லையெனில் மின் இணைப்பையும் பம்பின் தொடுமுனைகளையும் பார்க்க வேண்டும். ஓயாமல் விரைந்து ஒலித்தால் தொட்டி காலியாகியிருக்கலாம். அல்லது தொட்டிக்கும் பம்புக்கும் இடையே குழாயில் காற்று புகலாம்.

பெட்ரோல் வழிதல்

இதுவே ஆபத்தான கோளாறு. 1952 முதல் பொருத்தப்பட்ட ஏ-வரிசைப் பொறியில் கார்புரேட்டருக்கு நேர் கீழே சூடான புகைபோக்குக் குழாய் உள்ளது. அதன்மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பற்றக்கூடும்; பொறியை உடனே நிறுத்திவிட வேண்டும். மிதவை அறையின் அடைப்பு ஊசியில் தூசி சிக்குவது இதற்கு வழக்கமான காரணம். பழைய பித்தளை மிதவையில் துளை விழுந்தாலும் இவ்வாறு நேரும். மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே புகுந்த பெட்ரோலின் ஓசை கேட்கும்.

பிஸ்டன் சிக்குதல்

பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால் 'டக்' என்ற ஒலியுடன் விழ வேண்டும். விழாவிடில் அழுக்கு படிந்திருக்கலாம், அல்லது ஜெட் நடுவிலிருந்து விலகியிருக்கலாம். மேலுள்ள குழலில் எண்ணெய் வற்றினால், வேகம் கூட்டும்போது வண்டி தயங்கும்.

எத்தனால் பெட்ரோல்

2021 செப்டம்பரில் பிரித்தானியாவில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வழமையான வகையாக்கப்பட்டது. இது பழைய இரப்பர்க் குழாய்களையும் அடைப்பு வளையங்களையும் சிதைக்கக்கூடும். சிதைந்த துகள்கள் மேற்கூறிய அடைப்பு ஊசியில் சென்று சிக்குகின்றன. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் கோளாறு மீண்டும் வரும்.