அந்துப்பூச்சி நோக்கல்

அந்துப்பூச்சி நோக்கல் என்பது இரவில் நடமாடும் அந்துப்பூச்சிகளை ஒளியாலோ இனிப்பாலோ ஈர்த்து, கொல்லாமல் உற்றுநோக்கி, ஒளிப்படமெடுத்து இனங்காணும் செயற்பாடு ஆகும். இவை விட்டில் பூச்சிகள் என்றும் அழைக்கப்படுகின்றன. வண்ணத்துப்பூச்சிகளும் இவையும் செதிலிறகிகள் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. உலகில் ஏறத்தாழ 1,60,000 அந்துப்பூச்சி இனங்கள் அறியப்பட்டுள்ளன.

வரலாறு

புதுச்சேரி தாவரவியல் பூங்கா 1826 ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியில் நிறுவப்பட்டது. பின்னர் அதன் பொறுப்பை வகித்த தாவரவியலாளர் பெரோத்தே, 1842 இல் கெரின்-மெனவில் என்பவருடன் இணைந்து, அண்டிலீசுத் தீவுகளில் காப்பி இலையைக் குடையும் ஓர் அந்துப்பூச்சியை விவரித்தவர் ஆவார். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த சியார்ச்சு ஆம்சன், இந்திய அந்துப்பூச்சிகள் பற்றிய நான்கு தொகுதிகளை 1892 முதல் 1896 வரை வெளியிட்டார். அக்காலத்தில் பூச்சிகளைக் கொன்று ஊசியில் குத்திச் சேகரிப்பதே வழக்கம். எண்ணிம ஒளிப்படக்கருவிகள் பரவிய பின்னர் ஆர்வலர்களும் இதில் ஈடுபடலாயினர். 2012 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கிய தேசிய அந்துப்பூச்சி வாரம், சூலை இறுதியில் இந்தியா உட்படப் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது.

முறைகள்

வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்முன் புற ஊதா விளக்கையோ பாதரச ஆவி விளக்கையோ ஏற்றுவது பரவலான முறையாகும். நிலவற்ற, காற்றடங்கிய, வெப்பமும் ஈரப்பதமும் மிக்க இரவுகள் ஏற்றவை. நிலவொளியும் கடற்காற்றும் வரவைக் குறைக்கும். கனிந்த வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து மரப்பட்டையில் பூசுவதும் உண்டு. விடியலில் தெருவிளக்கை அடுத்த சுவர்களிலும் இவற்றைக் காணலாம்.

பூச்சிகள் நிலவைக் கொண்டு திசையறிவதால் விளக்கில் ஏமாறுகின்றன என்று முன்னர் கருதப்பட்டது. பறக்கும் பூச்சிகள் ஒளிவரும் பக்கம் முதுகைத் திருப்புவதாலேயே விளக்கைச் சுற்றிச் சிக்குகின்றன என்று 2024 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எனவே, நோக்கல் முடிந்ததும் விளக்கை அணைப்பது இன்றியமையாதது. இல்லையெனில் காலையில் அவை பறவைகளுக்கு இரையாகும்.

இனங்காணல்

மேற்புறம், பக்கவாட்டு, இயன்றால் பின்னிறகு ஆகியவற்றைப் படமெடுத்து, அளவு, நாள், இடம் ஆகியன குறிக்கப்படும். உணர்கொம்பின் வடிவமும் ஓய்வில் இறகுகளை வைத்திருக்கும் முறையும் குடும்பத்தை அறிய உதவும். புழுவின் உணவுத் தாவரமும் துணைபுரியும். அரளியில் அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழுவும், ஆமணக்கில் ஆமணக்குக் காவடிப்புழுவும் வளரும்.

பல இனங்களைப் பிறப்புறுப்பு ஆய்வாலோ மரபணுச் சோதனையாலோ மட்டுமே பிரித்தறிய இயலும். ஆதலால், படத்தைக் கொண்டு உறுதியாகத் தெரியாதவிடத்துப் பேரினத்துடன் நிறுத்துவது நன்று. தவறான பெயரில் பதியப்பட்ட ஒரு படம், அவ்வினத்தின் பரவல் வரைபடத்தையே பிழையாக்கிவிடும்.