வித்யா ராம்ராஜ்

வித்யா ராம்ராஜ் (பிறப்பு 1998) கோயம்புத்தூரைச் சேர்ந்த தடகள வீராங்கனை. 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டமும் 4×400 மீட்டர் தொடரோட்டமும் அவருடைய களங்கள். உடன்பிறந்த இரட்டையரான நித்யா 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடுபவர். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சகோதரிகள் இருவரும் இந்தியாவுக்காகக் களமிறங்கினர். வித்யாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 55.42 வினாடியோடு நின்றுவிடுகிறது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை அந்த நேரத்தில் ஓடி, ருமேனியாவின் கோஜோகாருவிடம் வினாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். 2023 செப்டம்பரில் சண்டிகரில் 55.43 வினாடியில் ஓடிய வித்யாவுக்கு, உஷாவின் தேசிய சாதனை அதே நூறில் ஒரு பங்கில் நழுவியது. அக்டோபர் 2 அன்று ஹாங்சோ தகுதிச் சுற்றில் அதைச் சமன் செய்தார்.

ஓடுதளமும் காலணியும் இத்தனை மேம்பட்ட பிறகு, 39 ஆண்டுப் பழைய நேரத்தைத் தொட்டது பெரிய காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வசதிகள் இடையில் ஓடிய இந்திய வீராங்கனைகள் பலருக்கும் கிடைத்தன. ஒருவரும் அதைத் தொடவில்லை. அதோடு, வித்யாவின் திறனை எடைபோட அந்த ஒரு சுற்று போதாது. ஹாங்சோவின் மூன்று நாள்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தகுதிச் சுற்று நடந்த அன்று மாலையே கலப்புத் தொடரோட்டத்தில் வெள்ளி. மறுநாள் தடை ஓட்ட இறுதியில் 55.68 வினாடியில் வெண்கலம். அதற்கடுத்த நாள் மகளிர் தொடரோட்டத்தில் வெள்ளி. 76.2 செ.மீ. உயரமுள்ள பத்துத் தடைகள், 35 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஒவ்வொரு இடைவெளிக்கும் காலடிகள் எண்ணி வைத்தவை. கால் சோர்ந்தால் காலடி குறுகும், எண்ணிக்கை பிசகும், பழகாத காலால் தாண்ட நேரும். முந்தைய மாலை முழு வேகத்தில் ஒரு சுற்று ஓடிய கால்களோடு அந்தக் கணக்கைக் கடைசித் தடைவரை காப்பாற்றியது, சாதனையைச் சமன் செய்ததைவிடப் பெரிது என்றே சொல்ல வேண்டும்.

தங்கம் வென்ற பஹ்ரைனின் அடெகோயா (54.45) ஒரு வினாடிக்கும் மேல் முன்னே இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொடரோட்டச் சுமையைக் குறைத்தால் அந்த இடைவெளி சுருங்கும் என்ற வாதமும் எழலாம். ஆனால் தடைகளுக்கிடையே தேவைப்படும், வேகத்தைத் தக்கவைக்கும் திறன் தொடரோட்டத்திலும் வளர்கிறது. 2024இல் அவர் பாரிஸ் ஒலிம்பிக் ஓடுதளத்தில் கால் வைத்ததும் மகளிர் தொடரோட்ட அணியில்தான். மறு ஆண்டு குமி ஆசிய தடகளப் போட்டியில் தடை ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார்.