வழி தவறிய இனவணுக்கள்

ஆணின் விந்தணுவும் பெண்ணின் முட்டையணுவும் தாம் இருக்கும் உறுப்பிலேயே பிறந்தவை என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். ஜெர்மானிய அறிஞர் வால்டையரும் 1870-இல் அவ்வாறே கருதினார். முட்டையணுக்கள் சூலகத்தின் மேற்படலத்தில் தோன்றுகின்றன என்பது அவர் கொள்கை. அது நெடுங்காலம் செல்வாக்குடன் விளங்கியது.

உண்மையில் அவை வந்தேறிகள். 1948-இல் எமில் விட்ஷி மனிதக் கருக்களை நுணுகி ஆராய்ந்து அவற்றின் பயணத்தை விவரித்தார். நான்காம் வாரத்தில் மஞ்சட்கருப் பையின் சுவரில் காணப்படும் மூல இனவணுக்கள், குடற்சுவர் வழியே நகர்ந்து, ஆறாம் வார அளவில் விரையோ சூலகமோ உருவாகும் இடத்தை அடைகின்றன.

வழியில் தங்கிவிடுபவை என்னாகும்? பெரும்பாலானவை மடிந்தொழிகின்றன. சுண்டெலிகளில் 1982-இல் கண்ட விந்தை ஒன்றுண்டு: சிறுநீரகத்தை ஒட்டிய அட்ரீனல் சுரப்பியில் சிக்கிய இனவணுக்கள், ஆண் எலியின் உடலிலும் முட்டையணுவாகவே வளரத் தொடங்கின! ஆணணுவாவதா பெண்ணணுவாவதா என்பதை அவை குடியேறும் உறுப்பே பெரிதும் முடிவு செய்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

மடியாது எஞ்சுபவற்றால் மனிதருக்குத் தீங்கு நேர்வதுண்டு. நெஞ்செலும்பின் பின்புறம், வயிற்றின் பின்சுவர், மூளையின் கூம்புச் சுரப்பி, குழந்தைகளின் வால் எலும்புப் பகுதி ஆகிய இடங்களில் எழும் இனவணுக் கட்டிகளுக்கு இத்தகைய வழிதவறிய அணுக்களே மூலம் என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். வேறு விளக்கம் கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், இக்கட்டிகள் உடலின் நடுக்கோட்டை ஒட்டியே எழுவது நம் கவனத்திற்குரியது.

கட்டியின் பிறப்பை அறிவதால் நோயாளிக்கு என்ன பயன்? மிகப் பெரும் பயன் உண்டு. 1965-இல் ரோசன்பர்க், பாக்டீரியாக் கரைசலில் பிளாட்டினத் தகடுகளின் வழியே மின்சாரம் செலுத்தியபோது அவற்றின் பிளவு நின்றுபோனதைக் கண்டார். அதிலிருந்து கிடைத்ததே சிஸ்பிளாட்டின் மருந்து. 1974-இல் அமெரிக்காவின் இந்தியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதனை வேறு மருந்துகளுடன் சேர்த்து, பரவிய விரைப் புற்றுக்கு அளிக்கலானார். அதுவரை பெரும்பாலும் மரணமே முடிவாயிருந்த நோயில், பெரும்பாலோர் பிழைத்தெழுந்தனர்.

நெஞ்சில் தோன்றும் இனவணுக் கட்டியும் அம்மருந்துக்குக் கட்டுப்படக் கூடியது. அவற்றுள் செமினோமா வகையில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். ஏனைய கொடிய வகைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோரே. ஆகவே இளைஞரின் நெஞ்சில் கட்டி காணப்படின், மருத்துவர் குருதியில் ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்தையும் எச்.சி.ஜி. எனும் கருப்பக்கால இயக்குநீரையும் அளந்து பார்க்கின்றனர், விரைகளையும் சோதிக்கின்றனர்.