சேர்வராயன் மலைக் கல்லும் சீமை வித்தையும்

ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்தியில் நின்று யாரைக் கேட்டாலும், சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை காப்பிச் செடி கொண்டுவந்த கதையைச் சொல்வார்கள். அதே மலையின் உச்சிகளில் கிடந்த செந்நிறக் கல்லுக்கும் ஒரு கதை உண்டு. அதைச் சொல்வார் குறைவு.

அந்தக் கல்லின் பெயர் பாக்ஸைட். நம் வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்கு அதுதான் தாய். ஆனால் தாய் இருந்தால் மட்டும் போதுமா? ஏறக்குறைய நான்கு டன் கல்லைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து வடித்தால் இரண்டு டன் அலுமினா கிடைக்கும். அதை 950 டிகிரிக்கு மேல் கொதிக்கும் கிரையோலைட் குழம்பில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் ஒரு டன் உலோகம். மலையில் கல் இருந்தது. 1934இல் அணை எழும்பிய மேட்டூரில் மின்சாரமும் இருந்தது. வித்தைதான் இல்லை.

வித்தையைக் கொண்டுவந்தது இத்தாலியின் மாண்டெகாட்டினி கம்பெனி. அதுவும் ஒரு மலையூரின் பெயர்தான். 1888இல், அங்கே செம்பு வெட்டப் பிறந்த கம்பெனி அது. அதன் கூட்டுறவோடு 'மால்கோ' என்ற மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965இல் மேட்டூரில் உலோகம் வார்க்கத் தொடங்கியது.

துரோணர் கட்டைவிரலைக் கேட்டார். இக்காலத்துக் குருமார்கள் பங்கு கேட்கிறார்கள், அது நியாயமே. ஆனால் வித்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கப்பலேறி வரும் வரைபடம். மற்றொன்று, பக்கத்தில் நின்று பழகினால் மட்டுமே வருவது. தொட்டியில் அலுமினா குறைந்தால் வோல்ட் சட்டென்று ஏறிவிடும். உடனே மேலோட்டை உடைத்து அலுமினாவைக் கொட்ட வேண்டும். அந்தக் கணத்தைக் கண்டுகொள்ளும் கண்ணை எந்த ஒப்பந்தத்தில் எழுதுவது? கற்றவன் ஒளிக்காமல் காட்ட வேண்டும். கற்பவன் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். சமையற்கட்டில் மாமியாரும் மருமகளும் படுகிற பாடுதான் இது.

1966இல் மாண்டெகாட்டினி, எடிசன் கம்பெனியோடு இணைந்து தன் பெயரையே மாற்றிக்கொண்டது. 1995இல் மால்கோ ஸ்டெர்லைட் வசம் போயிற்று. 2008இல் மேட்டூர் உருக்காலை அணைந்தது. பங்குகள் கைமாறலாம், பெயர்கள் மாறலாம். ஆனால் நெருப்பருகே நின்று கற்ற கண்ணை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அடுத்தவனுக்குக் காட்டிவிட்டுப் போனால் அது தங்கும். காட்டாமல் போனால் உடையவனோடு போய்விடும். மலையின் மழுங்கிய உச்சிகளைப் பார்க்கும்போது, வெட்டி எடுத்த கல்லுக்கு ஈடாக நமக்கு மிஞ்ச வேண்டியது அந்தக் கண்தான் என்று தோன்றுகிறது.