சதுப்பு நிலமும் சட்டமும்

வத்தளைக்கு வடக்கே, களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே பரந்து கிடப்பது முத்துராஜவெல என்னும் சதுப்பு நிலம். மழைநீரையும் ஆற்று வெள்ளத்தையும் தன்னகத்தே தாங்கி, மெல்லக் கடலுக்கு விடுவது அதன் இயல்பு. அத்தகைய நிலம் சதுப்பாகவே இருப்பதா, மேடாக்கப்படுவதா என்பதைத் தீர்மானிப்பவர் யார்?

1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் தெருக்களையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்தியது. 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் நிலப் பயன்பாட்டையே திட்டத்துக்குள் கொணர்ந்தது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் பிறந்தது. 1982இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்படி, அபிவிருத்தித் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, அவர்தம் கருத்தைக் கேட்டல் வேண்டும். அதன் பின்னரே அமைச்சர் அங்கீகாரம் வழங்குவார்.

முத்துராஜவெலவுக்கென 1991இல் வகுக்கப்பட்ட பெருந்திட்டம், காக்க வேண்டிய பகுதி, இடைப்பகுதி, நகர்ப் பகுதி என நிலத்தைப் பிரித்தது. 1996இல் வடபகுதி சரணாலயமாயிற்று. தெற்கே, வத்தளையை அடுத்த கெரவலப்பிட்டிப் பக்கம் மணலால் நிரப்பப்பட்டது.

பள்ளம் மேடானால் வெள்ளம் வேறு முற்றம் தேடும். ஆதலின், பார்வைக்கு வைக்கப்படும் வரைபடத்தை நேரிற் சென்று பார்ப்பது குடிமகனின் உரிமை மட்டுமன்று. தன் வீட்டுக்கு அவன் செய்யும் காவலும் ஆகும்.