காப்பியும் வயிறும்: ஐந்நூறு ஆண்டு வழக்கு

காப்பி வயிற்றைக் கெடுக்கும் என்போரும், காப்பி குடித்தால்தான் வயிறு சீர்படும் என்போரும் எல்லா ஊர்களிலும் உளர். இவ்விரு கூற்றும் இன்று நேற்றுத் தோன்றியவையல்ல. காப்பி உலக மக்களுக்கு அறிமுகமான காலந்தொட்டே அதன்மீது வழக்கு நடந்து வருகிறது. அவ்வழக்கில் வயிற்றின் பெயரால் வாதாடியவர் பலர். வயிற்றை ஆராய்ந்து பார்த்தவர் மிகச் சிலரே.

மக்காவில் தொடங்கிய விசாரணை

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபி அடியார்கள் இரவு வழிபாட்டின்போது உறக்கம் வராதிருக்க இப்பானத்தைப் பருகினர். அங்கிருந்து அது மக்காவுக்குப் பரவியது. 1511ஆம் ஆண்டில் அந்நகரின் அதிகாரியாக இருந்த காயிர் பேக், அறிஞர் அவை ஒன்றைக் கூட்டி, மருத்துவர் இருவரைச் சான்று கூறுமாறு பணித்தார்.

அக்கால மருத்துவம் கிரேக்கர் வகுத்த நெறியில் நின்றது. ஒவ்வொரு பொருளையும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்னும் குணங்களால் அது அளந்தது. நம் முன்னோர் வாதம், பித்தம், ஐயம் என்று கணித்ததை இதனோடு ஒப்பிடலாம். காப்பி குளிர்ச்சியும் வறட்சியும் உடையது. ஆகவே உடலுக்குத் தீங்கானது என்று அம்மருத்துவர் உரைத்தனர். பாக்தாத் மருத்துவர் ஒருவரின் பழைய நூல் இதற்கு மாறாகக் கூறுவதைச் சிலர் எடுத்துக்காட்டியபோது, அந்நூல் குறிப்பது வேறொரு செடி என்று விடையளித்தனர். காப்பி தடை செய்யப்பட்டது. ஆயினும் கெய்ரோவிலிருந்த சுல்தான் அத்தடையை முழுமையாக ஏற்கவில்லை. காயிர் பேக்கை உறுத்தியது மக்களின் வயிற்று நலமன்று, இரவில் கூடிய மக்கள் கூட்டமே என்பர் வரலாற்றாசிரியர்.

ஐரோப்பாவில் மாறிய தீர்ப்பு

1573இல் அலெப்போ நகரில் தங்கிய ஜெர்மானிய மருத்துவர் ரௌவோல்ஃப், மையைப் போன்று கறுத்த இப்பானம் வயிற்று நோய்களுக்கு நல்லதென அங்குள்ளோர் கருதுவதை 1582இல் வெளியான தம் பயண நூலில் குறித்தார். 1652இல் லண்டனில் காப்பிக்கடை திறந்த பாஸ்குவா ரோசே துண்டறிக்கை ஒன்றை அச்சிட்டார். அதிலும் காப்பியின் குணம் குளிர்ச்சியும் வறட்சியுமே என்று கூறப்பட்டது. ஆனால் முடிபு நேர்மாறானது. வயிற்றின் வாயை மூடி, உள்ளிருக்கும் வெப்பத்தைக் காத்து, செரிமானத்திற்குத் துணை செய்யுமாம்! மக்காவில் குற்றமாகக் கொள்ளப்பட்ட அதே குணம் லண்டனில் சிறப்பாயிற்று. விற்பவருக்கு ஒரு நீதி, தடுப்பவருக்கு ஒரு நீதி.

1679இல் பிரான்சின் மார்சேய் நகரில் காப்பிக்கு எதிரான ஆய்வுரை ஒன்று மருத்துவர் முன்னிலையில் அரங்கேறியது. மக்கள் அதைச் செவிமடுக்கவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் கிரனோபிள் மருத்துவர் மோனேன், பால் கலந்த காப்பியை மருந்தாகவே கொடுத்தார்.

அச்சமே வாணிகம்

1819இல் ஜெர்மானிய வேதியியலார் ரூங்கே காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன்பின் பழியெல்லாம் காஃபீன்மீதே விழுந்தது. அமெரிக்காவில் சி. டபிள்யூ. போஸ்ட் என்பவர் 1895இல் கோதுமை, தவிடு, வெல்லப்பாகு ஆகியவற்றால் 'போஸ்டம்' என்னும் பானம் செய்து, காப்பி உடலைக் கெடுக்கும் என்று நாளிதழ்களில் விளம்பரம் செய்து பெருஞ்செல்வம் ஈட்டினார். அவர் இறந்தபின், 1928இல், அதே நிறுவனம் புகழ்பெற்ற காப்பி நிறுவனமான மேக்ஸ்வெல் ஹவுசை விலைக்கு வாங்கியது. நேற்று நஞ்சென்று பழித்ததை மறுநாள் அமுதமென்று விற்றது.

ஜெர்மனியில் லுட்விக் ரோசேலியுஸ், மிகுதியாகக் காப்பி பருகியதே தம் தந்தையின் இறப்புக்குக் காரணம் என நம்பி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஃபீன் நீக்கிய காப்பியை உருவாக்கினார். காஃபீனைக் கரைக்க அன்று பயன்பட்ட பென்சீன், புற்றுநோய் விளைக்கும் பொருளெனப் பிற்காலத்தில் அறியப்பட்டுக் கைவிடப்பட்டது.

வயிறே கூறிய சான்று

1975இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, காஃபீன் நீக்கிய காப்பியும் ஏறக்குறைய வழக்கமான காப்பியளவே இரைப்பை அமிலத்தைச் சுரக்கச் செய்வதைக் காட்டியது. தனிக் காஃபீன் அத்துணை அமிலம் சுரப்பிக்கவில்லை. எனவே குற்றவாளி காஃபீன் ஒன்று மட்டுமன்று என்பது தெளிவாயிற்று. 1990இல் இங்கிலாந்தில் 99 பேரை உசாவியபோது, காப்பி பருகியவுடன் மலங்கழிக்கும் உணர்வு தோன்றுவதாக 29 விழுக்காட்டினர் கூறினர். அத்தகையோரின் பெருங்குடல் நான்கே நிமிடத்தில் இயக்கம் பெற்றது. வெந்நீருக்கு அவ்வாற்றல் இல்லை. ஒரே கோப்பை, ஒருவர் குடலை அசைக்கிறது. இன்னொருவர் குடலை அசைப்பதில்லை.

குடற்புண்ணின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. நோயாளிகள் பல தலைமுறைகளாகக் காப்பி, காரம், மனக்கவலை ஆகியவற்றை விலக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்னும் இருவர் இரைப்பையில் வாழும் ஒருவகை நுண்கிருமியைக் கண்டறிந்தனர். குடற்புண்ணுக்குப் பெருங்காரணம் அதுவே என நிறுவப்பட்டது. 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். கிருமியைக் கொல்லும் மருந்து தேடவேண்டிய இடத்தில், காப்பிக் கோப்பையைப் பறித்ததோடு வைத்தியம் நின்றுவிட்டது. பொய்க் குற்றவாளியைப் பிடித்து வைத்திருக்கும்வரை மெய்க் குற்றவாளி தப்பித் திரிவான்.

மலாயாவில் ரப்பர் தழைப்பதற்கு முன்னர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டங்களில் உழைத்தோருள் தமிழரும் இருந்தனர். இந்நாட்டுக் 'கோப்பி' சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுக்கப்படுவது, டின்பாலுடன் பருகப்படுவது. ஆசிய மக்களில் மிகப் பலருக்கு வளர்ந்தபின் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைகிறது. அத்தகையோருக்குக் காப்பிக்குப்பின் வயிறு பொருமினால், பழி பாலுக்கும் உரியதாகலாம். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் எப்பானத்தையும் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுநோயை விளைக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2016இல் அறிவித்தது.

ஆகவே நெஞ்செரிச்சல் உடையோர் காப்பியைக் குறைத்துப் பார்த்தலும், பாலின்றிப் பருகிப் பார்த்தலும், சூடு ஆறவிடுதலும் அறிவுடைமை. வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுதலே முறை. எதனால் நோய் வந்தது என்று ஆராயாமல், கையில் இருக்கும் கோப்பையின்மீது பழி சுமத்துவது 1511ஆம் ஆண்டின் வழக்கத்திற்குத் திரும்புவதாகும்.